கிலோ கணக்கில் கந்தல்

துண்டுத்துணிகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைப்பதற்கு ஒரே ஒரு சட்டம் போதும் என்பது என் கட்சி: அதற்கென்று துணி வாங்கக் கூடாது. திருப்பூர் பக்கத்துப் பெருமாநல்லூரில் இருந்துகொண்டு இதைச் சொல்வது டாஸ்மாக் வாசலில் நின்று மதுவிலக்குப் பேசுவது மாதிரிதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் பனியன் வேஸ்ட் மூட்டை. கட்டிங் டேபிளில் அடுக்கடுக்காக விரித்த துணியில் கையும் கழுத்தும் வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் பிறை, முக்கோணம், வால் எல்லாம் கலர் பிரித்து, எடை போட்டு விலைக்குப் போகின்றன. வெள்ளைக்கு ஒரு விலை, கலருக்கு ஒரு விலை. ஒரு பங்கு ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் துடைக்கும். இன்னொரு பங்கு பிய்த்துப் பஞ்சாக்கப்பட்டு, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்லில் மறுபடி நூலாகி, கையுறையாகவும் மலிவுப் போர்வையாகவும் திரும்பி வரும். கலர் பிரித்தே பிய்ப்பதால் அந்த நூலுக்குப் பெரும்பாலும் சாயம்கூட வேண்டியதில்லை. ஆகவே, “வீணாகப் போகிற துணியைக் காப்பாற்றுகிறேன்” என்று இரண்டு கிலோ வேஸ்ட் வாங்கி வருபவர் எதையும் காப்பாற்றவில்லை. நன்றாக வேலை பார்த்துக்கொண்டிருந்த துணியை ராஜினாமா செய்ய வைத்து, வீட்டு அட்டாலியில் பென்ஷன் கொடுக்கிறார்.

காசு கொடுக்காமல் கம்பெனியிலிருந்தே நாலு துண்டு எடுத்து வந்தால்? அது இன்னும் வம்பு. வேஸ்ட்டை மொத்தமாக எடுக்க வியாபாரி காத்திருக்கும்போது, தரையில் கிடக்கும் கந்தலுக்கும் முதலாளி உண்டு. கலைக்காக எடுத்தேன் என்ற விளக்கத்தை ஏற்றுக்கொள்ளும் செக்யூரிட்டி இன்னும் பிறக்கவில்லை. ஆக மிஞ்சுவது வீட்டில் ஏற்கெனவே கிடப்பதுதான். அது போதாது என்பவர்கள் ஜாக்கெட் பிட்டை மறந்துவிட்டார்கள். கல்யாணம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம் எதற்குப் போனாலும் தேங்காய் வெற்றிலையோடு எண்பது சென்டிமீட்டர் துணி ஒன்று பையில் விழுகிறது. அதற்குப் பொருத்தமான சேலை எந்தத் தறியிலும் நெய்யப்பட்டதில்லை. தைக்கவும் முடியாது, தூக்கிப்போடவும் மனசு வராது. அடுத்த விசேஷத்தில் வேறொருவர் பையில் தள்ளிவிட்டால், ஊரெல்லாம் சுற்றிவிட்டு மடிப்புக் கலையாமல் கொடுத்தவருக்கே திரும்பி வரும். ரூபாய் நோட்டுக்குக்கூட இந்த ஆயுள் கிடையாது. தறியில் நெய்த துணி, புத்தம் புதுசு, காசு கொடுக்காதது. ஒட்டுப்போர்வைக்கு வேறென்ன வேண்டும்? வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை, பாவம். அங்கே ‘ஜெல்லி ரோல்’ என்று ஒன்று விற்கிறார்கள்: நல்ல முழுத்துணியை இரண்டரை அங்குலப் பட்டைகளாக நறுக்கி, ஒன்றோடொன்று சேரும் கலர்களாகப் பார்த்துச் சுருட்டிக் கட்டியது. வெட்டித் தருவதற்குக் காசு, வெட்டியதை மறுபடி ஒட்டுவதற்கு ஒரு மாசம்!

வாங்காவிட்டால் கலர் சேராதே என்பார்கள். இதற்குப் பதில் அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில் இருக்கிறது. ஆற்று வளைவுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் ஜீஸ் பெண்ட், கறுப்பின மக்களின் கிராமம். காட்டு வேலைக்குப் போட்டு நைந்த ஜீன்ஸையும் சட்டையையும் கிழித்துத்தான் அங்கே பெண்கள் காலங்காலமாகப் போர்வை தைத்தார்கள். அந்த வட்டாரத்தில் 1966-ல் ‘ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ’ என்ற பெண்கள் கூட்டுறவு உருவானது. 1972-ல் சியர்ஸ் நிறுவனம் அதற்குக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்கும் ஆர்டர் கொடுத்தது. கலர் எல்லாம் பையர் சொன்னபடி: பொன் மஞ்சள், அவகாடோ பச்சை, ஆரஞ்சு, செர்ரிச் சிவப்பு. இதற்கு மேல் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆர்டர் கப்பலேறியது, பிட் மிஞ்சியது. மிஞ்சிய பிட் வீடுகளுக்குப் போய்ப் போர்வையானது. சிவப்பு தீர்ந்த இடத்தில் பச்சை, பட்டை எட்டாத இடத்தில் குறுக்கே இன்னொரு பட்டை. இப்படிப் பற்றாக்குறையே டிசைன் போட்டுக் கொடுத்தது. அந்த ஊர்ப் போர்வைகள் 2002-ல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. 2006-ல் அமெரிக்கத் தபால்தலையில் ஏறின. கலர் சேரவில்லையே என்று அங்கே எவரும் பின்வாங்கியதாகத் தெரியவில்லை.

தொழில் தெரிந்தவர்கள் சொல்லும் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. நம் வீடுகளில் அதிகம் கிடப்பது பழைய பனியனும் டி-ஷர்ட்டும். சிங்கிள் ஜெர்சி என்ற அந்தப் பின்னல் துணியில் கத்தரி பட்டதும் ஓரம் சுருண்டுகொள்ளும், இழுத்தால் நீளும், தைத்தால் அலை அலையாக நிற்கும். உண்மைதான். இதற்கு மருந்து, அடியில் ஒரு பழைய வேட்டி. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்து எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் வாழும் சித்தி இனப் பெண்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள், ‘கவந்தி’ என்ற போர்வையை இப்படித்தான் தைக்கிறார்கள். பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, துண்டின் விளிம்பை உள்ளே மடித்துக் கையால் ஓட்டுத்தையல் போட்டபடி, ஓரத்தோடு சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து சேர்வார்கள். அளவு டேப் கிடையாது, பேட்டர்ன் கிடையாது. நான்கு மூலையிலும் மடித்த துணியில் ஒரு பூ வைக்காவிட்டால் மட்டும் போர்வை அம்மணமாக இருப்பதாகக் கணக்கு. இந்த முறையில் சுருளும் ஓரம் மடிப்புக்குள் அடங்கிவிடும். வேட்டி நீளாது, அதோடு சேர்ந்த பனியனும் நீளாது.

நம் ஊர் வெயிலுக்குப் போர்வை எதற்கு என்ற கேள்வி, ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்துக் கம்பளி தேடுகிறவர்கள் கேட்கக் கூடாதது. கூலிக் கணக்கு காட்டுகிறவர்கள் விஷயம் வேறு. பெட்ஷீட்டுக்குப் பேர்போன சென்னிமலை பக்கத்திலேயே இருக்கிறது. தைத்த நேரத்துக்குக் கூலி போட்டால், ஒரு ஒட்டுப்போர்வை விலையில் அங்கே குடும்பத்துக்கே பெட்ஷீட் எடுத்துவிடலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பெட்ஷீட் வாங்குவதற்கான வாதம். ஒட்டுப்போட பிட் வாங்குவதற்கான வாதம் ஆகாது. போதாக்குறைக்கு, கலர் துணி ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று இந்த மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டாம். சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவு போடும் அளவுக்கு நொய்யல் ஆறு கெட்டுக் கிடந்தது. நடுக்கட்டத்துக்குக் கிளிப்பச்சை குறைகிறதே என்று அரை மீட்டர் புதிதாக வாங்குகிறவர் அதையும் கொஞ்சம் கணக்கில் வைக்கலாம்.

அப்படியானால் நூலும் வாங்கக் கூடாதா என்று மடக்குவார்கள். வாங்கலாம். இற்றுப்போன நூல் துவைக்கிற கல்லில் மானத்தை வாங்கிவிடும். கலர் மட்டும் பார்க்க வேண்டாம், கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது போதும். நூல் வாங்கப் போன இடத்தில் கட்பீஸ் கூடைப் பக்கம் கை போகும் என்று சந்தேகம் இருப்பவர்கள், துணியில் அக்கறையே இல்லாத யாரையாவது கடைக்கு அனுப்பலாம். பெரும்பாலான வீடுகளில் அதற்குக் கணவர் இருக்கிறார்.