இனிஷியல் எல்லைக்கோடு

திட்டக்குடியில் எங்கள் தெரு ஹவில்தாரைப் பனிமலை அசைத்ததில்லை. மகளின் இனிஷியல் அசைத்துவிட்டது. பட்டாளத்து டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அந்தப் பெண்ணின் பெயரோடு அப்பா பெயர் முழுசாக நிமிர்ந்து நிற்கிறது. ஆதாரில் ஒற்றை எழுத்தாகக் குறுகிக் கிடக்கிறது. மனிதர் அந்தப் புத்தகத்தை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு விருத்தாசலம், வடலூர் என்று பஸ் மாறி, மகளின் உதவித்தொகைக்காகக் கடலூர் போய் வருகிறார்.

முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான பிரதமர் கல்வி உதவித்தொகை மகளுக்கு மாதம் 3,000 ரூபாய், மகனுக்கு 2,500. நாடு முழுக்க ஆண்டுக்கு 5,500 பேருக்குத்தான். பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும், சேர்வதும் தொழிற்படிப்பாக இருக்க வேண்டும். பி.ஏ. தமிழ் படிக்கிற பிள்ளையை அந்தத் திட்டம் கண்டுகொள்ளாது. (தமிழால் யாருக்குத் தொழில் கிடைத்தது என்று டில்லிக்கும் தெரிந்திருக்கிறது!) ஹவில்தார் வரையிலானவர்களின் பிள்ளைகள் இருவருக்குத் தனியாகக் கல்வி மானியம் உண்டு, மாதம் 1,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பரிலிருந்து 2,000.

“எல்லையில யாரும் இனிஷியல் கேக்கலை சார்” என்றார் போன வாரம்.

வீட்டில் இப்போது பணியில் இருக்கும் பட்டாளத்துக்காரர் இருந்தால், அடுத்த லீவு முடிவதற்குள் பட்டாளத்துப் பதிவிலும் ஆதாரிலும் பிள்ளைகளின் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.