விசில் ஐயாவுக்கு ஒரு வாழ்த்து

நடுவர் ஐயா, கூடைப்பந்தில் உங்களைப் போல் நடுநிலை தவறாதவர் உண்டா? முதல் கால்பகுதியில், பந்தோடு ஓடுகிறவன் இடுப்பில் கை வைத்துத் தடுத்தால் கண்டுகொள்ள மாட்டீர்கள். கடைசி நிமிடத்தில் அதே கை அதே இடுப்பில் பட்டால் விசில். எது ஃபவுல் என்று இரண்டு அணிக்குமே தெரியாது. இதைவிடச் சமநீதி வேறென்ன வேண்டும்?

ஆட்டக்காரர்கள்தான் நன்றி கெட்டவர்கள். தலையில் அடித்துக்கொள்கிறார்கள், "என்ன சார் இது?" என்று உங்கள் பின்னாலேயே வருகிறார்கள். அதற்குள் எதிரணி ஓடிப்போய்க் கூடையில் போட்டுவிடுகிறது. அவர்களைத் திருத்தத்தானே டெக்னிக்கல் ஃபவுல்? அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் ஒரு சீசனில் 16 வாங்கினால் ஒரு ஆட்டம் வெளியே உட்கார வேண்டும். 2007 ஏப்ரலில் ஜோயி கிராஃபோர்ட் என்ற நடுவர், பெஞ்சில் உட்கார்ந்து சிரித்த ஆட்டக்காரர் டிம் டங்கனையே டெக்னிக்கல் கொடுத்து வெளியே அனுப்பினார். ஓடாதவன் ஃபவுலையும் பிடிக்கும் கண் அது. இந்தத் திறமையின் அருமை தெரியாமல் நிர்வாகம் அவரை அந்த சீசன் முடியும்வரை நிறுத்திவைத்தது. டங்கனையும் விடவில்லை, 25,000 டாலர் அபராதம்.

உங்கள் நேர்மையைச் சொல்லாமல் விடலாமா? என்.பி.ஏ.வில் நெருக்கமாக முடியும் ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத்தில் எந்த விசில் சரி, எது தவறு என்று 2015 மார்ச்சிலிருந்து மறுநாள் அறிக்கை வருகிறது. தவறு தவறென்றே அச்சாகிறது; தோற்ற அணி தோற்றதுதான். மீதி 46 நிமிடத்துக்கு அறிக்கையே கிடையாது. அவ்வளவு நேரம் பிழையே செய்யாத மனிதரை வேறெங்கே பார்க்க முடியும்?

எங்கள் உத்திரமேரூரில் நடுவர்கள்மேல் இப்படி ஒரு நம்பிக்கை இருந்ததில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகளைப் பாருங்கள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் குடவோலை நாளில் குடத்துக்குள் கை விடுகிறவன் விவரம் அறியாத சிறுவன். அவன் கொடுக்கும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், எல்லாருக்கும் கேட்க வாசிக்க வேண்டும். பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்கே வராது. அவன் நெருங்கிய உறவுக்காரர் பெயரும் வராது. பாவம், மத்தியஸ்தனையே கையை விரிக்கச் சொன்ன மக்கள்! உங்களைப் போன்றவரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் பாக்கியம் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

ஐயா, வேகமான ஆட்டத்தில் கண் தப்பும். அதை எந்த ஆட்டக்காரனும் மன்னிப்பான். ஆளுக்கொரு விதி, நேரத்துக்கொரு விதி என்றால்தான் அவனுக்கு நெஞ்சு கொதிக்கிறது. அடுத்த முறை ஒரு பையன் வந்து காரணம் கேட்டால், ஒரே ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லுங்கள். டெக்னிக்கலை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.