திருகோணமலைத் துறைமுக வட்டாரத்தில் வைஃபை மறைவு: ஒரு முதனிலை ஆய்வு

1. சிக்கல்

உள்துறைமுக வீதியில் ஒரு பழைய மடிக்கணினி. அதில் லினக்ஸ், உள்ளே பிராட்காம் பிசிஎம்4312 வைஃபை சில்லு. நேற்றுவரை வந்த இணைப்பு இன்று இல்லை. அருகிலுள்ள கைப்பேசிக்கோ அதே ரூட்டர் அள்ளி அள்ளிக் கொடுக்கிறது. இம்மறைவின் காரணம் ஈண்டு ஆராயப்படும்.

2. முன்னோர் கருத்துகள்

தேத்தண்ணிக் கடை அறிஞரிடையே மூன்று கொள்கைகள் நிலவுகின்றன. கச்சான் காற்றே காரணம் என்பர் ஒரு சாரார். அவ்வாறாயின் வாடை தொடங்கியதும் இணைப்பு மீளவேண்டும், மீண்டதாகச் சான்றில்லை. பிரெட்ரிக் கோட்டை மான்கள் கம்பியைக் கடித்தன என்பர் மற்றொரு சாரார். வைஃபைக்குக் கம்பியில்லை என்பதை இவர்கள் கருதினாரல்லர். 'ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ' என்பது மூன்றாவது. பெரும்பான்மை ஆதரவு பெற்ற இக்கொள்கை எதையும் விளக்குவதில்லை.

3. எமது துணிபு

1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பறித்தனர். ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அதை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். போர் ஓய்ந்தபின் அது மீண்டும் ஒல்லாந்தரைச் சேர்ந்தது. துறைமுகம் ஒன்று, கொடி பல.

சில்லின் நிலையும் அஃதே. உரிமை கோரும் டிரைவர்கள் இருவர். 'டபிள்யூஎல்' பிராட்காம் நிறுவனமே தந்தது, மூலநிரல் மூடியது. 'பி43' தன்னார்வலர்கள் சில்லின் நடத்தையைத் துருவியறிந்து ஆக்கியது. 2008 இல் வெளிவந்த 2.6.24 லினக்ஸ் கேர்னலில் குடியேறியது. கணினி விழிக்கையில் முதலில் கரையிறங்குபவருக்கே சில்லு. பி43-க்கு எஸ்எஸ்பி என்றொரு பரிவாரம் உண்டு. அது முன்னே வந்து இடம்பிடிக்கும். உரிய ஃபேர்ம்வேர் கோப்பு இல்லையேல் பி43 கொடி நட்டுவிட்டுப் பீரங்கியை மறந்த படைதான்: தானும் ஆளாது, பிறரையும் ஆளவிடாது.

4. சான்றும் சிகிச்சையும்

'எல்எஸ்பிசிஐ -என்என்கே' என்னும் கட்டளை, சில்லு இப்போது எவர் கையில் என்பதைக் காட்டிக்கொடுக்கும். டபிள்யூஎல் வேண்டுவோர் மோட்புரோப்.டி கோப்புறையில் பி43, எஸ்எஸ்பி, அதன் உறவான பிசிஎம்ஏ மூன்றையும் பிளாக்லிஸ்ட் செய்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து, கணினியை மறுபடி தொடக்குக. பி43 வேண்டுவோர் டபிள்யூஎல் பொதியை நீக்கி, ஃபேர்ம்வேரை நிறுவுக. கம்பிவழி இணைப்பும் பிராட்காம் 4401 சில்லாயின், எஸ்எஸ்பியை விலக்கியதும் அதுவும் போய்விடும். அப்போதும் மான்களைக் குறை கூறற்க.

'நேற்றுவரை வந்ததே' என்பதற்கும் விடை உண்டு. கேர்னல் மாறும்போதெல்லாம் டபிள்யூஎல்லை டிகேஎம்எஸ் என்னும் கருவி புதிதாகக் கட்டவேண்டும். அது தவறி, பி43-உம் விலக்கப்பட்டிருந்தால் துறைமுகம் ஆளின்றிக் கிடக்கும்.

5. முடிபு

காற்றும் மான்களும் குற்றமற்றவை. ஒரு சில்லுக்கு ஒரு டிரைவரே. இருவரை வைத்திருப்போர் இணையமின்றி இருப்பர். வாசகர் கேர்னலைப் புதுப்பிக்குமுன் கைப்பேசியின் யூஎஸ்பி வடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வாராக: இந்நோய்க்கான மருந்தை இறக்கவும் இணையம் வேண்டும்.