நக்கினால் நஞ்சு, நசுக்கினால் விளையாட்டு

அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் பிள்ளைகள்மேல் அக்கறை இல்லை என்று சொல்பவர் வாயில் மண் விழட்டும். 2008இல் அது ஒரு சட்டம் போட்டது: 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு விற்கும் பொருள்களில் ஈயம் அளவு மீறக் கூடாது. பொம்மைகளின் வண்ணத்தில் ஈயம் சிக்கி நாடே கொதித்த நேரம், நியாயமான சட்டம்தான். 2009 பிப்ரவரியில் அமலுக்கு வந்தபோது மாட்டிக்கொண்டது, சிறுவர்களுக்கான ஏடிவி. காடுமேடெல்லாம் ஏறும் நாலு சக்கர மோட்டார் வண்டி. டயர் வால்விலும் பேட்டரி முனையிலும் ஈயமாம். வண்டிகளைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளை அதில் மலையேறலாம், கவிழலாம், அடியில் சிக்கலாம். வால்வை மட்டும் நக்கிவிடக் கூடாது!

வியாபாரிகள் பொங்கினார்கள். சின்ன வண்டி கிடைக்காவிட்டால் பிள்ளைகள் அப்பாவின் பெரிய வண்டியில் ஏறிச் சாவார்கள் என்றார்கள். உண்மைதான், அதுதான் எரிகிறது. பெரிய வண்டியில் பிள்ளைகள் ஏறுவதும் சாவதும் இவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. கடன் உச்சவரம்புக்காகக் கட்சிகள் சட்டையைப் பிடித்துக்கொண்ட 2011 ஆகஸ்டில், ஏடிவிக்கு ஈய விலக்கு தரும் திருத்தம் மட்டும் கீழவையில் 421க்கு 2 என்று நிறைவேறியது. ஆகா, என்ன ஒற்றுமை!

பெரிய வண்டி ஏறத்தாழ 300 கிலோ. இருக்கை நீளமாக இருப்பது இன்னொருவரை ஏற்றிக்கொள்ள அல்ல. சரிவிலும் வளைவிலும் ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து தன் எடையால் வண்டியை நிதானப்படுத்த. இருபது கிலோப் பிள்ளை எந்த எடையை நகர்த்தும்? வண்டி புரளும், பிள்ளையின் நெஞ்சில் உட்காரும். 1982 முதல் அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எழுதி வைத்த ஏடிவி மரணங்களில் 16 வயது நிரம்பாதவர்கள் 3,000க்கும் மேல். ஐந்தில் ஒன்றைத் தாண்டுகிறது. பதினாறுக்குள் யாரும் ஏறவே கூடாது என்று குழந்தை மருத்துவர்களின் சங்கம் பல்லாண்டாகத் தொண்டை கிழியக் கத்துகிறது.

அரசின் பதில் ஒரு ஸ்டிக்கர். '16 வயதுக்கு உட்பட்டவர் ஓட்டக் கூடாது' என்று வண்டியிலேயே ஒட்டியிருக்கும். கடைக்காரர் ஒட்டியதைக் காட்டுவார், அப்பா தலையாட்டுவார், மகனை மடியில் வைத்துக் கிளம்புவார். ஹெல்மெட்? பக்கத்துத் தோட்டம் வரைக்கும்தானே!

மாசசூசெட்ஸ் மட்டும் 2010இல், எட்டு வயதுப் பையன் ஒருவன் செத்ததற்குப் பிறகு, 14 வயதுக்குக் கீழே ஏறத்தாழ முழுத் தடை போட்டது. மற்ற மாநிலங்களிலும் பிள்ளைகள் சாகாமல் இல்லை. எத்தனையாவது பிள்ளைக்கு விழித்துக்கொள்வது என்றுதான் பல இடங்களில் இன்னும் முடிவாகவில்லை.