ரேஷன் கார்டில் அப்பா பெயர் இருக்கிறதா?

அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டி மாதாமாதம் மாத்திரை வாங்கலாமா? (வாசகி, சின்னாளபட்டி)

முடியாது. அந்த அட்டை ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைக்கு. மாத்திரைக்கு அட்டையே தேவையில்லை. 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள், வீட்டுக்கே வரும்.

ஆபரேஷன் என்று டாக்டர் சொன்ன பிறகு அட்டை எடுத்தால் போதாதா? (வாசகர், நிலக்கோட்டை)

நெஞ்சுவலி வருகிற ராத்திரியில் கலெக்டர் ஆபீஸ் திறந்திருக்காது. இப்போதே எடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று, ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார். இவற்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். அதற்கு முன் அப்பா பெயர் எந்த ரேஷன் கார்டில் இருக்கிறதென்று பாருங்கள். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போகும்போது கார்டைப் பிரிக்கிறார்கள். பெரியவர் பெயரை இவன் சேர்ப்பான் என்று அவனும், அவன் சேர்ப்பான் என்று இவனும் விட்டுவிடுகிறார்கள். கார்டில் பெயர் இல்லாதவருக்கு, இந்தக் காப்பீடு குடும்பத்துக்குத் தரும் 5 லட்சத்தில் பங்கில்லை.

மில்லில் ரிட்டயர் ஆகிவிட்டேன். ஈ.எஸ்.ஐ. அவ்வளவுதானா? (வாசகர், வேடசந்தூர்)

இல்லவே இல்லை. 5 ஆண்டாவது ஈ.எஸ்.ஐ.யில் இருந்து, ஓய்வு வயது வரை வேலை பார்த்தவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் போதும். அவருக்கும் மனைவிக்கும் சிகிச்சை தொடரும். ஆண்டுக்குத்தான், மாதத்துக்கு அல்ல! மாத்திரையும் இதில் உண்டு. ஓய்வு பெற்றதற்கான சான்றை மில்லில் வாங்கிக்கொண்டு ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போங்கள். காலமெல்லாம் பஞ்சுத் தூசியில் நின்றவரிடம் இந்த 120 ரூபாய் விஷயத்தைச் சொல்லாமல் கணக்கு முடித்து அனுப்புவது அநியாயம். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தொழிலாளியிடமும் சொல்லுங்கள்.

எனக்கு 74. வாடகை வருமானம் வருகிறது. எனக்கெல்லாம் ஏது அரசுக் காப்பீடு? (வாசகர், நாகல் நகர்)

மத்திய அரசு 2024 அக்டோபர் 29-ல் தொடங்கிய ‘ஆயுஷ்மான் வய வந்தனா’வில் வருமானமே பார்ப்பதில்லை. ஆதார்படி 70 நிரம்பியிருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம். மனைவிக்கும் 70 தாண்டியிருந்தால் இருவருக்கும் சேர்த்து அதே 5 லட்சம். தனியார் பாலிசி வைத்திருந்தாலும் தடையில்லை. எந்த ஆஸ்பத்திரி ஏற்கிறது என்று 14555-ல் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டியும் ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டால்? (வாசகி, ஒட்டன்சத்திரம்)

உடனே பர்ஸைத் திறக்காதீர்கள். காப்பீட்டுப் பிரிவுக்குப் போய், இந்தச் சிகிச்சைக்கு அனுமதி வந்ததா, எவ்வளவுக்கு வந்தது என்று கேளுங்கள். அனுமதி வந்த சிகிச்சைக்கு உங்களிடம் பணம் வாங்கக்கூடாது. மழுப்பினால் அங்கே நின்றபடியே 1800 425 3993-க்குப் போன் செய்யுங்கள், கட்டணமில்லா எண்.