வேனில் இல்லாத மலையில் வேனில் உடை: கையில்லாச் சுவெட்டர் பற்றிய சிற்றாராய்ச்சி

தொல்காப்பியரை நம்பினால் இந்தக் கட்டுரையை எழுதவே கூடாது. குறிஞ்சிக்கு அவர் ஒதுக்கிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும்தான். வேனிலைத் தூக்கிப் பாலைக்குக் கொடுத்துவிட்டார். ஆகவே மலையும் மலை சார்ந்த இடமுமாகிய ஹல்துமுல்லைக்கு இலக்கணப்படி கோடை கிடையாது. கோடையே இல்லாத ஊரில் கோடைக்கால உடை பின்னுவதும் தைப்பதும் வழு. ஆனால், சித்திரை பிறந்ததும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நூற்பந்தும் ஊசியுமாக உட்காரும் பெண்களிடம் இதை யாரும் சொல்லவில்லை. அவர்களும் கேட்டதாகத் தெரியவில்லை. இந்த வழுவுக்கு அமைதி காண்பதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் நிலம். ஹல்துமுல்லை பதுளை மாவட்டத்தின் தெற்குச் சரிவில், கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதியில் தொற்றிக்கொண்டிருக்கிறது. தலைக்கு மேலே அப்புத்தளை, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர். பக்கத்தில் பெரகலைச் சந்தி. அங்கே ஒரு வீதி அப்புத்தளை, பண்டாரவளை என்று மேலே ஏறும். ஏ4 கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கிவிடும். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பது வானிலையியலாரின் பொதுக்கணக்கு. அதைச் சரிபார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை, பஸ் போதும். அப்புத்தளையில் காதுவரை மூடிக்கொண்டு ஏறும் பயணி பெரகலையில் முதல் பொத்தானைக் கழற்றுவார், கொஸ்லந்தையில் மிச்சத்தை. 220 மீட்டர் உயரத் தியலும நீர்வீழ்ச்சி கண்ணில் படும்போது சுவெட்டர் மடிக்கு வந்திருக்கும். வெல்லவாயவில் அதையே விசிறியாக்கிக்கொள்வார். மற்ற ஊர்களில் பருவம் மாற மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இங்கே டிக்கட் எடுத்தால் போதும்.

அடுத்தது பொழுது. ஆனியும் ஆடியும் முதுவேனில் என்பது நூல் வழக்கு. ஹல்துமுல்லை வழக்கில் அது காற்றுக் காலம். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவுகளில் இறக்கிவிட்டு, வறண்டுபோய், மலை இடைவெளிகளால் ஊவாவுக்குள் நுழைகிறது. இந்தக் காற்றால்தான் ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஏறி, கொழும்பு ஏலத்தில் விலையும் ஏறுகிறது. அதே காற்று கொழுந்து பறிக்கிறவரின் காதுக்குள்ளும் போகிறது. அதற்கு ஏலத்தில் விலை இல்லை. மேலே உச்சிவெயில், எதிரே பனிக்கட்டி போன்ற காற்று. முதுகு வேகும், நெஞ்சு உறையும். கொழுந்து ஒடித்துக்கொண்டே இருப்பதால் கைக்கு மட்டும் குளிர் தெரியாது. இந்த நிலைமைக்கு முழுச் சுவெட்டர் மிகை, வெறுஞ்சட்டை குறை. ஆகவே உருவானதே கையில்லாச் சுவெட்டர் என்பார் ஒரு சாரார். இவர்களை வெப்பவாதிகள் என்போம்.

இவர்களை மறுப்போர் நூல்வாதிகள். கை இல்லாமைக்குக் காரணம் காலநிலை அன்று, நூல் தீர்ந்துபோனதே என்பது இவர்கள் கொள்கை. இவ்விரு கொள்கைகளையும் ஒரே மூச்சில் எடுத்துரைத்த மூதறிஞர் ஒருவரை லயத்து வாசலில் சந்தித்தோம்.

“இதுக்குக் கையி எங்க அம்மாயி?”

“நூலு முடிஞ்சிருச்சுப்பா. வெயிலு காலந்தானே, கை எதுக்கு?”

வரிசையைக் கவனிக்க. முதலில் நூல் முடிந்தது. அதன் பிறகுதான் வெயில் காலம் வந்தது. கோடையைப் பற்றி இவ்வளவு சுருக்கமான கோட்பாட்டை வானிலை நூல்களில் நாம் கண்டதில்லை.

ஆயினும் நாம் சேர்வது மூன்றாம் அணியில். கை முளைக்காமல் போகவில்லை. முளைத்த கை பிரிக்கப்பட்டது என்பதே எமது துணிபு. வீட்டில் பிள்ளை பிறக்கிறது. தாய் மறுபடி மலைக்குப் போகவேண்டும்; விடியலில், காற்றுக்குள், பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டாகவேண்டும். அதற்கு ஒரு தொப்பியும் காலுறையும் வேண்டும். அப்போது வீட்டார் அனைவரின் பார்வையும் மூத்தவனின் சுவெட்டர்க் கைமேல் விழுகிறது. மாமா கொழும்பிலிருந்து கொண்டுவந்த முழுச் சுவெட்டர் இவ்வாறு கையில்லாததாகி, கை தொப்பியாகி, தொப்பி சிறுத்ததும் இன்னொரு பிள்ளைக்குக் காலுறையாகி, கடைசியில் கேத்தல் பிடிக்கும் துணியாக அடுப்படியில் முத்தியடைகிறது. மூத்தவனிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. “வெயில் வருது, உனக்கு எதுக்குக் கை?” என்பதோடு விசாரணை முடிந்துவிடும்.

இதற்குச் சான்று நூலிலேயே உண்டு. புது நூல் நேராக இருக்கும். பிரித்த நூல் பழைய பின்னலின் நெளிவைச் சுமந்துகொண்டே வரும். அதைக் கதிரை முதுகில் சுற்றி, நனைத்துக் காயவைத்தாலும் முழுதாக நிமிராது. தொப்பியைத் தடவிப் பார்த்தே அது முற்பிறப்பில் கையா கழுத்தா என்று சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகங்கள் இவர்களைக் கண்டுகொள்ளாதது நம் கல்வியின் குறை.

கடையில் கம்பளி நூல் என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக். சாதாரண ஈரப்பதத்தில் ஆட்டு ரோமம் காற்றிலுள்ள ஈரத்தைத் தன் எடையில் சுமார் 16 வீதம் உள்வாங்கும். அக்ரிலிக் 2 வீதத்தைத் தாண்டாது. மூடுபனியில் நனைந்து வந்தாலும் இரவோடிரவாகக் காய்ந்துவிடுவது இதனால்தான். ஆனால் அடுப்புக்கு மிக அருகில் தொங்கவிட்டால் இளகிச் சுருங்கிவிடும். அவ்வாறும் சில கைகள் மறைந்திருக்கலாம் என்ற கிளை ஆய்வை இளையோருக்கு விட்டுவைக்கிறோம்.

அற்றேல், பின்னுவானேன், கனத்த துணியில் தைத்துப் போட்டால் ஆகாதோ எனின், ஆகாது. காரணம் வரலாறு. தோட்டங்களில் முதன்முதல் வந்த குளிராடை கம்பளி. அது ஆடை மட்டுமன்று. அரிசியோடு சேர்ந்து தொழிலாளியின் கணக்கில் பற்று வைக்கப்பட்ட கடன். தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதித் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. குளிரை ஒழிக்கச் சட்டம் வரவில்லை. கோட்டோ தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியின் உடைமை. தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் அணிந்து அவர் நிற்கும் பழைய படங்களைப் பார்த்தால், அவர் குளிருக்குக் கோட்டுப் போட்டாரா, கூலிகளுக்குக் குளிரட்டும் என்று போட்டாரா என்ற ஐயம் எழுகிறது. கடன் இல்லாமல், கங்காணியிடம் கேட்காமல் கிடைத்த முதற் குளிராடை கையால் பின்னியதே என்று கொள்வதில் தவறில்லை.

தையலுக்கும் இடம் உண்டு. சிங்கர் இலங்கையில் கால்வைத்தது 1877இல். கால் மெசின் வைத்திருக்கும் வீட்டுக்கு லயத்தில் தனி மரியாதை. வருசப் பிறப்புக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும் முன் அங்கே துணி மலைபோல் குவியும். மெசின்காரரின் வாக்குறுதிகளும் குவியும். கோதுமை மாச் சாக்குத் துணியில் தைத்த உள்ளாடைகளும் ஒரு காலத்தில் கோடை உடையாகக் கொள்ளப்பட்டன. எவ்வளவு வெளுத்தாலும் போகாத ஆலை எழுத்து அணிந்தவரின் பின்புறத்தில் துலங்கியதை மூத்தோர் இன்றும் சிரிப்போடு சொல்வர்.

கொழுந்து மலையில் பெண்கள் மேலே போட்டுக்கொள்வது ஆண்களின் நீண்டகைச் சட்டை. தேயிலைக் கிளை கீறும், வெயில் சுடும், குளவி கலைந்தால் ஒவ்வோர் அங்குலத் துணியும் உயிருக்குச் சமம். அந்தச் சட்டைமேல் கையில்லாச் சுவெட்டர். கைக்குக் காவல் சட்டை, நெஞ்சுக்குக் காவல் சுவெட்டர். கோடை என்றாலே கை குட்டை என்று வரையறுக்கும் மேனாட்டு உடை நூல்கள் இங்கே முற்றாகத் தோற்கின்றன.

அந்த மேனாட்டாரின் குட்டைக்கை உடையை யார் தைக்கிறார்கள் என்பதும் ஆய்வுக்குரியது. ஜனாதிபதி பிரேமதாச 1992இல் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் காமென்ட்சைக் கிராமப்புறங்களுக்குக் கொண்டுபோனது. லயத்துப் பிள்ளைகள் அங்கும் கட்டுநாயக்கவுக்கும் போனார்கள். ஐரோப்பியக் கோடைக்கான உடையை அதற்கு முந்தைய மாதங்களிலேயே தைத்து முடிக்க வேண்டும். ஊவாவில் அது வடகீழ்ப் பருவமழை கொட்டும் காலம். அதாவது, உலகத்தின் கையில்லாக் கவுன்களில் ஒரு பங்கு சுவெட்டர் போட்ட பிள்ளைகளின் கையால் பிறக்கிறது. மறுதலையாக, அவர்களின் பனிக்காலத்துக்குத் தைத்து மிஞ்சிய ஜாக்கெட்டுகள் நுவரெலியாக் கடைகளில் தொங்குகின்றன. நூற்பந்துகளின் விலையைக் கூட்டிப் பார்த்தால் பல வேளைகளில் ஜாக்கெட்டே இலாபம். பின்னல் ஊசிகள் பெட்டிக்குள் போவதற்கு இதுவே காரணம்.

ஆனால் ஜாக்கெட்டைப் பிரிக்க முடியாது. அதன் கையை வெட்டினால் பிள்ளைக்குத் தொப்பி வராது; பஞ்சுதான் வரும். ஓர் உடையில் மூன்று தலைமுறையை ஒப்பேற்றும் திறன் பின்னலுக்கு மட்டுமே உண்டு என்பதால், ஊவா மலைச்சரிவின் வேனில் உடை கையில்லாச் சுவெட்டரே என்று இதனால் தீர்ப்பளிக்கிறோம்.

ஆடியில் இந்தப் பக்கம் வரும் வாசகர்கள் பையில் ஒரு சுவெட்டரோடு வரவும். கை இருந்தாலும் குற்றமில்லை. தெரிந்தவர் வீட்டில் தங்குவதாயின், அங்கே அண்மையில் பிள்ளை பிறந்திருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.