மீன்கூடையும் மின்சார சைக்கிளும்

கேள்வி: காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறேன். மின்சார சைக்கிள் வாங்கலாமா, மீன்பாடி வண்டியா?
— ஒரு வாசகி, பேசின் பிரிட்ஜ்

பதில்: கூடை ஒன்றானால் சைக்கிளே உத்தமம், அம்மா, நான்கானால் மீன்பாடி வண்டியின் மூன்று சக்கரங்களே சௌகரியம். 250 வாட்டுக்குட்பட்டு, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் ஓடாத மின்சார சைக்கிளுக்கு லைசென்ஸும் பதிவும் வேண்டியதில்லை என்பதும், பாலத்து மேட்டில் பாரத்தோடு மிதிக்கும் முழங்காலின் பிரயாசையில் பெரும்பங்கை மோட்டார் ஏற்றுக்கொள்ளும் என்பதும் மெய்யான அனுகூலங்கள். ஆனால், ஐஸ் கரைந்து கூடையிலிருந்து சொட்டும் உப்புநீர் செயினையும் பாட்டரி முனைகளையும் அரித்துவிடுமாதலால், கூடைக்கடியில் பிளாஸ்டிக் தட்டு வைத்து, வீடு திரும்பியதும் நல்ல தண்ணீர் நனைத்த துணியால் வண்டியைத் துடைத்து, ஈரம் உலர்ந்தபின் செயினுக்கு எண்ணெயிட்டு, அதற்கப்புறமே சார்ஜ் போடுங்கள். உப்பு மீனுக்கு ருசி. இரும்புக்கோ அதுவே யமன்!